போய் வரலாமா? – ஒரு தீவு, ஏழு இரவு, ஒரே ஒரு அறை

இந்த வாரக் கேள்வி ஆக்லாந்திலிருந்து வந்திருக்கிறது. நியூசிலாந்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் அனுப்பிய மெயிலைச் சுருக்கித் தருகிறேன்.

'அப்பாவுக்கு 63 வயது. தூத்துக்குடியில் துறைமுக வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதிலிருந்து தூண்டில் பைத்தியம். இப்போது என்னோடு மூன்று மாதம் தங்க வந்திருக்கிறார். அவரை கிரிட்டிமாட்டி தீவுக்கு போன்ஃபிஷ் பிடிக்க அழைத்துப் போக ஆசை. விமான டிக்கெட்டுக்கே பாதி சேமிப்பு போய்விடும். அதனால் தங்குவதற்கு இருப்பதிலேயே மலிவான அறையாகச் சொல்லுங்கள். கூடுதல் தகவல்: அப்பா சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார்.'

கடைசி வரியைக் 'கூடுதல் தகவல்' என்று போட்டிருக்கிறாரே, அங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. மலிவான அறை என்றால் நெட்டில் ஐந்து நிமிடத்தில் தேடிவிடலாம். இவருக்குத் தேவை அது இல்லை. கையில் இருக்கும் காசுக்குள், அப்பாவைப் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் அறை.

தொலைதூரத் தீவு எதற்குப் போவதாக இருந்தாலும் இந்தக் கணக்கு உதவும். அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

முதலில், எந்தத் தீவு?

கிரிட்டிமாட்டி, பசிபிக் நடுவில் இருக்கும் கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்த பவளத்தீவு. நிலப்பரப்பில் உலகின் மிகப் பெரிய பவளத்தீவு இதுதான். 1777-ல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கேப்டன் ஜேம்ஸ் குக் வந்து சேர்ந்ததால் 'கிறிஸ்துமஸ் தீவு' என்று பெயர் வைத்தார். அந்த ஊர் மொழியில் 'டி' என்று எழுதும் இடத்தில் 'ஸ்' ஒலி வரும். அதனால் கிரிட்டிமாட்டி என்று எழுதினாலும் உள்ளூர்க்காரர்கள் சொல்வது ஏறக்குறைய 'கிரிஸ்மஸ்' என்றுதான் காதில் விழும்.

முதல் பொறியே இந்தப் பெயரில்தான் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான இன்னொரு கிறிஸ்துமஸ் தீவு உண்டு. தேடல் பெட்டியில் 'கிறிஸ்துமஸ் தீவு விடுதி' என்று போட்டால் இரண்டும் கலந்து வரும். விமான நிலையக் குறியீட்டைப் பாருங்கள். நமக்கு வேண்டியது 'சி எக்ஸ் ஐ'. 'எக்ஸ் சி எச்' என்று இருந்தால் அது ஆஸ்திரேலியத் தீவு. அறைக்கு முன்பணம் கட்டும் முன் இதை ஒரு முறை சரிபார்ப்பது நல்லது.

தீவில் இருக்கும் ஊர்ப் பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும். லண்டன், போலந்து, பனானா! பாரிஸ் என்றும் ஓர் இடம் உண்டு, இப்போது அங்கே யாரும் குடியிருக்கவில்லை. தங்குமிடம் தேடும்போது லண்டன், தபவாகேயா, பனானா என்ற மூன்று பெயர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் பனானா பக்கம். படகுத்துறை, வங்கி, மருத்துவமனை, கடைகள் எல்லாம் லண்டன் பக்கம்.

அந்த மீனுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

போன்ஃபிஷ் சாப்பாட்டு மீன் என்று பெயர் எடுத்தது இல்லை. பெயருக்கு ஏற்றபடி உடம்பெல்லாம் முள். வெள்ளியைத் தேய்த்து வைத்ததுபோல் பளபளக்கும். முழங்கால் அளவு தண்ணீரில், வெள்ளை மணல் மேல் மேயும்போது மீன் கண்ணுக்குத் தெரியாது, அதன் நிழல்தான் தெரியும். தூண்டிலில் மாட்டிய நொடியில் நூறு மீட்டர் நூலையும் உருவிக்கொண்டு ஓடும். அந்த ஓட்டத்துக்காகத்தான் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் இங்கே வருகிறார்கள்.

பிடித்த மீனை உயிரோடு திரும்ப விட்டுவிட வேண்டும். பசிபிக்கில் கிடைக்கும் இந்த வகையை, அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடியது என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டிருக்கிறது. தீவில் பல குடும்பங்களுக்கு வழிகாட்டி வேலையிலிருந்து வரும் சம்பளம்தான் வருமானம். மீன் இருந்தால்தான் அந்த வேலை இருக்கும்.

வாசகரோடு வீடியோ காலில் பேசியபோது அப்பாவும் வந்தார். 'பிடிச்ச மீனைத் திரும்ப விடுறதுக்கா தம்பி இவ்வளவு தூரம்?' என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மகன் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார்.

வாரத்துக்கு ஒரு விமானம்

அறையைத் தேர்வு செய்யும் முன் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஃபிஜியின் நாடியிலிருந்தும் ஹவாயின் ஹொனலுலுவிலிருந்தும் இந்தத் தீவுக்கு விமானம் உண்டு. ஆனால் வாரத்துக்கு ஒன்று என்பதுதான் வழக்கம். இறங்கினால் ஒரு வாரம் அங்கேதான்.

கோவாவில் அறை பிடிக்கவில்லை என்றால் எதிர் வீதியில் வேறு பார்க்கலாம். இங்கே மொத்த மக்கள்தொகையே சில ஆயிரம். விடுதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். விமானம் வரும் வாரத்தில் எல்லாமே நிரம்பியிருக்கவும் கூடும். தப்பான அறை என்றால் ஏழு இரவும் தப்பு.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஹொனலுலு வழி சுற்று வழி. விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா தேவை. ஆக்லாந்திலிருந்து போகிறவர்களுக்கு நாடி வழிதான் இயல்பானது. நாடியில் ஓர் இரவு தங்க வேண்டி வரலாம். அந்த அறை வாடகையையும் இப்போதே கணக்கில் சேருங்கள். அந்த இரவு வீண் இல்லை. நாடி கடைவீதியின் கோடியில் ஸ்ரீ சிவ சுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன தென்னிந்தியர்களின் சந்ததி கட்டிக் காப்பாற்றும் கோயில். திருச்செந்தூருக்குப் பக்கத்து ஊர்க்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஹொனலுலு வழியாகப் போகும் மற்ற வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. ஹவாயும் கிரிட்டிமாட்டியும் கடிகாரத்தில் ஒரே நேரம் காட்டும், ஆனால் தேதி ஒரு நாள் வித்தியாசப்படும். செவ்வாய்க்கிழமை ஏறினால், மூன்று மணி நேரப் பயணத்துக்குப் பிறகு புதன்கிழமையில் இறங்குவீர்கள். அறையை எந்தத் தேதிக்குப் பதிவு செய்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை.

வாடகையைப் பார்க்காதீர்கள், மொத்தத்தைப் பாருங்கள்

தீவில் இரண்டு விதமாகத் தங்கலாம். ஒன்று, அறை மட்டும். சாப்பாடு, வண்டி, வழிகாட்டி, படகு எல்லாம் தனித்தனி. இன்னொன்று, எல்லாம் சேர்த்த பேக்கேஜ். முதல் வகையின் வாடகையைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துபோகும். அங்கேதான் ஏமாறுவோம்.

கணக்கு புரிவதற்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். இது விலைப்பட்டியல் இல்லை, உதாரணம் மட்டுமே. தீவில் ஆஸ்திரேலிய டாலர் புழங்குவதால் அதிலேயே போடுகிறேன். இரண்டு பேர், ஏழு இரவு, ஆறு நாள் மீன்பிடி.

அறை மட்டும்: ஒரு இரவுக்கு 100 என்றால் 700. ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு 30 என்றால் 420. வண்டி ஒரு நாளைக்கு 100 வீதம் ஆறு நாளுக்கு 600. வழிகாட்டிக்கும் அதேபோல் 600. நான்கு நாள் படகு, நாளுக்கு 120 வீதம் 480. விமான நிலையம் போய்வர 60. மொத்தம் 2,860.

பேக்கேஜ்: ஆளுக்கு ஓர் இரவுக்கு 220 என்றால், இருவருக்கு ஏழு இரவுக்கு 3,080.

700 எங்கே, 3,080 எங்கே என்று தெரிந்தது, கூட்டிப் பார்த்தால் 220 டாலர் வித்தியாசத்தில் வந்து நிற்கிறது. அந்த 220-க்கு, காலையில் வண்டி வருமா, படகு கிடைக்குமா என்று வாசலில் நிற்கும் வேலை மிச்சம். இன்னும் குறைந்த வாடகைக்கு அறை கிடைத்தால் முதல் வகை ஜெயிக்கலாம். ஆனால் கூட்டிப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. மீன்பிடி உரிமக் கட்டணம் இரண்டு வகையிலும் தனியாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

'வழிகாட்டி வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். உப்பங்கழிக்குள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மணல்திட்டுகள், எல்லாம் ஒரே மாதிரி தெரியும். நீர் ஏறும்போது எந்த வழி மூடும், எந்தத் திட்டில் எந்த நேரம் மீன் வரும் என்பது அங்கே பிறந்து வளர்ந்தவருக்குத்தான் தெரியும். அந்த நிழலைக் காட்டிக்கொடுப்பதும் அவர்தான். ஏ.சி., கடல் பார்த்த பால்கனி, தனி அறை, இவற்றில் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது நியாயமான சிக்கனம். அதற்கும் கீழே போக வேண்டாம்.

இன்சுலின் கேட்கும் கேள்விகள்

இப்போது அந்தக் 'கூடுதல் தகவலுக்கு' வருவோம். எனக்குத் தெரிந்த நீரிழிவு டாக்டர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அப்பா கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடமும் கட்டாயம் பேச வேண்டும்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் வைக்க வேண்டும். தீவோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது, வருடம் முழுக்க வெயில். அதனால் 'ஃபிரிட்ஜ் இருக்கிறதா?' என்ற ஒரு கேள்வி போதாது. 'இரவு முழுக்க மின்சாரம் இருக்குமா, ஜெனரேட்டரை எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள்?' என்று கேட்க வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. மீன்பிடி விடுதிகளில் ஐஸ் போடும் ஃபிரீசர்தான் பெரிதாக இருக்கும். உதவி செய்வதாக நினைத்து யாராவது இன்சுலினை அதில் வைத்துவிட்டால் மருந்து உறைந்து கெட்டுவிடும். உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. ஃபிரிட்ஜ் அறைக்குள் இருப்பதும், கதவைத் திறந்து நாமே வைத்து எடுப்பதும் நல்லது.

அடுத்தது கால். இந்த மீன்பிடிப்பு முழுக்கத் தண்ணீரில் நடந்தே செய்வது. மணலுக்கு நடுவே கூரான பவளத்துண்டுகள் கிடக்கும். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வெட்டுப்பட்டதே தெரியாமல் நாள் முழுக்க உப்புத்தண்ணீரில் நடந்துவிடுவார்கள். கெட்டியான அடிப்பாகம் உள்ள, தண்ணீரில் நடப்பதற்கான பூட்ஸ் வாங்கியே ஆக வேண்டும். அறை வாடகையில் குறைத்த காசு இதற்குப் போகட்டும். தினமும் மாலை திரும்பியதும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். பவளத்தீவில் குடிநீரே அருமையான பொருள். 'குளியலறையில் வருவது நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா?' என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

மூன்றாவது சாப்பாடு. தீவில் சோறும் மீனும் தாராளம், அப்பாவுக்குக் கவலை இல்லை. காய்கறி பெரும்பாலும் கப்பலில் வர வேண்டும், அதனால் சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு என்ன சாப்பாடு என்பதைவிட எத்தனை மணிக்கு என்பது முக்கியம். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஆகிவிடும். வெயிலில் தண்ணீருக்குள் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொடுப்பார்களா, அது கையோடு வருமா, படகிலேயே இருந்துவிடுமா? எதுவானாலும் சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். தடுமாறினால் என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லி வைக்க வேண்டும்.

நான்காவது மருத்துவமனை. லண்டன் ஊரில் இருப்பது சின்ன மருத்துவமனை. பெரிய சிகிச்சை என்றால் தீவை விட்டு வெளியே போக வேண்டும். அவசரத்துக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவையும் சேர்த்த பயணக் காப்பீடு இல்லாமல் அப்பாவைக் கூட்டிப்போகாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். மருந்தை இரண்டு மடங்காக, கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள், கூடவே டாக்டர் கடிதமும்.

நாங்கள் அனுப்பிய மெயில்

வாசகர் சார்பில் தீவில் இருக்கும் நான்கு தங்குமிடங்களுக்கு ஒரே மெயிலை அனுப்பினோம். எட்டே கேள்விகள். உங்கள் பயணத்துக்கும் அப்படியே பயன்படுத்தலாம்.

1. இந்த விலைக்குள் எவை எல்லாம் அடக்கம்? எவை தனி?
2. எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? ஞாயிற்றுக்கிழமை வருவாரா?
3. மீன் பிடிக்காமல் ஓய்வெடுக்கும் நாளுக்குக் கட்டணம் குறையுமா?
4. மின்சாரம் 24 மணி நேரமும் உண்டா?
5. அறைக்குள் ஃபிரிட்ஜ் உண்டா?
6. குளிக்க, காலைக் கழுவ நல்ல தண்ணீர் கிடைக்குமா?
7. படகுத்துறைக்கும் மருத்துவமனைக்கும் எவ்வளவு தூரம்? இரவில் வண்டி கிடைக்குமா?
8. விமானம் ரத்தாகி நாங்கள் மாட்டிக்கொண்டால் கூடுதல் இரவுகளுக்கு என்ன விலை?

ஒரு இடத்திலிருந்து பதிலே இல்லை. ஒரு இடத்திலிருந்து விலை மட்டும் ஒரே வரியில் வந்தது, நான்கிலும் குறைந்த விலை அதுதான். மூன்றாவது இடம் அழகான படங்களோடு பட்ஜெட்டைத் தாண்டி நின்றது.

நான்காவது, லண்டன் பக்கம் ஒரு குடும்பம் நடத்தும் விடுதி. எட்டு கேள்விக்கும் எண் போட்டுப் பதில் வந்தது. அறையில் ஃபிரிட்ஜ் கிடையாது, ஆனால் வீட்டுச் சமையலறை ஃபிரிட்ஜில் ஒரு தட்டைத் தனியாக ஒதுக்கித் தருகிறோம் என்றார்கள். மின்தடை வந்தால் போட்டுக்கொள்ள ஜெனரேட்டர் உண்டு என்றார்கள். மழைத்தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கால் கழுவ வாளியில் வைக்கிறோம் என்றார்கள். கடைசியில் கேட்காத ஒன்றையும் சேர்த்திருந்தார்கள்: 'எங்கள் வீட்டிலும் சர்க்கரை உள்ளவர் இருக்கிறார். சாப்பாட்டு நேரம் எங்களுக்குத் தெரியும்.'

ஏ.சி. இல்லை, மின்விசிறிதான். குளியலறை பொது. விலையில் இரண்டாவது மலிவு.

என் ஓட்டு இதற்குத்தான். அறைக்குள் ஃபிரிட்ஜ் வேண்டும் என்று நானே மேலே எழுதினேன், உண்மைதான். ஆனால் இல்லாததை இல்லை என்று சொல்லிவிட்டு, அதற்கு என்ன செய்யலாம் என்பதையும் சொல்லும் இடத்தை நம்பலாம். வாரத்துக்கு ஒரு விமானம் வரும் ஊரில், அறையைவிட அறைக்காரர்தான் முக்கியம். சமையலறைக்காரர்களுக்காக டப்பாவின் மேல் 'ஃபிரீசரில் வைக்காதீர்கள்' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டால் போதும். ஒரு குளிர்காப்புப் பையும் கூடவே போகட்டும்.

அட்டை எல்லா இடத்திலும் செல்லும் என்று நம்ப வேண்டாம். ஆஸ்திரேலிய டாலரை ரொக்கமாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாளில் நடுவே ஒரு நாளை ஓய்வு நாளாக இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். அப்பாவாக 'களைப்பா இருக்கு' என்று சொல்ல மாட்டார். எந்த அப்பாவும் சொல்ல மாட்டார்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் வாசகரிடமிருந்து மெசேஜ் வந்தது. அந்த விடுதிக்கே முன்பணம் கட்டிவிட்டாராம். பூட்ஸ் வாங்கியாயிற்று. அப்பா அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழகுகிறாராம். 'மீனை விடணும்னு சொன்னியே, விடுறதுக்கு முன்னால ஒரு போட்டோ எடுக்கலாம்ல?' என்று கேட்டாராம்.

தாராளமாக எடுக்கலாம் ஐயா. கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரை ஒட்டியே பிடித்து, சட்டென்று எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். அந்த போட்டோவை எங்களுக்கும் அனுப்புங்கள்.

உங்கள் வீட்டிலும் யாரையாவது எங்காவது அழைத்துப்போகும் ஆசை இருக்கிறதா? எழுதி அனுப்புங்கள். 'கூடுதல் தகவல்' என்று நினைப்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.